மாமியாருக்கு வராத நெஞ்சுவலி

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில், பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் அதிவேகம் என்று என் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். கணவர் வெளிநாட்டில். காரில் உடனிருந்தவர் மாமியார் மட்டும்தான்.

“மாமியாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்னு சொல்லிடுங்க. விட்டுடுவாங்க,” என்றார் தெரிந்த வக்கீல். எனக்கும் அது சரியென்று பட்டது. மாமியாரிடம் சொன்னேன். அவரும் என்னோடு கோர்ட்டுக்குக் கிளம்பி வந்தார்.

“ஏம்மா அவ்வளவு வேகம்?” என்று நீதிபதி கேட்டபோது, ஒத்திகை பார்த்த பொய் வாயில் வரவில்லை.

மாமியார் எழுந்தார். “நாந்தாங்க வேகமாப் போகச் சொன்னேன். காலமெல்லாம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனவ. மருமக ஓட்டுறப்ப ஜன்னல் காத்து நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போம்மான்னேன். தப்புதாங்க.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அபராதத்தைக் கட்டிட்டு, ரெண்டு பேரும் மெதுவாப் போங்க,” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரிடம் பயந்து பயந்தே பேசியவள் நான். அன்று நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டி வந்தேன். தன் சின்ன வயதுக் கதைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வீடு வந்த பிறகும், கதை முடியும்வரை இருவரும் காரை விட்டு இறங்கவில்லை.