ஐந்து ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்தவன்

திங்கட்கிழமை காலை, வெள்ளைத் திரையில் ஒற்றை வரி: டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை. வேறு நாளாக இருந்தால் எனக்கு அது கொண்டாட்டம். டீயைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்று நாற்காலியை இழுக்கவே கை வரவில்லை.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. டிப்ளமோ முடித்துவிட்டு லைனில் ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தவன் நான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து பிஎச்பி என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு முன் ஐடி அறையில் ஓர் ஆள் குறைந்தபோது என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். கேட்டில் கார்டைக் காட்டினால் நேரம் டேட்டாபேஸில் ஏறும். அதை எடுத்துத் திரையில் காட்டுகிற பிஎச்பி பக்கம் என் பொறுப்பு. சனிக்கிழமை லினக்ஸ் சர்வரைப் புதுப்பித்திருந்தார்கள். அதிலிருந்து பக்கம் வரவில்லை.

ஒன்பது மணிக்கே எச்.ஆர். மேடம் வந்து நின்றார்.

"பன்னெண்டுக்குள்ள வேணும்பா. அந்தப் பையனோட அக்கா வராங்க. அன்னிக்கு அட்டெண்டன்ஸ பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துட்டா, அதோட பேச்சு முடிஞ்சுது."

அந்தப் பையன் என் நண்பன். லைனில் எனக்கு எதிரே நின்றவன். வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரன். நான் கோவில்பட்டிப் பக்கம். "ஸ்பேனர அங்கன வச்சிருக்கேன்" என்று நான் சொன்னால் போதும், "இன்னாடா அங்கன இங்கனன்னுகினு, தமிழ்ல பேசுடா" என்பான். நான்கு மாதத்துக்கு முன், முதல் ஷிப்டுக்கு வரும் வழியில் டிரெய்லர் லாரி மோதி இறந்துபோனான்.

வரும் வழியில் என்பது எனக்குத் தெரியும். கம்பெனியின் பதிவில் அவன் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்துவிட்டவன். வந்தவன் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் ரோட்டில் அடிபட்டான் என்று சூப்பர்வைசர் எழுதி வைத்தார். வேலைக்கு வரும்போது நடந்த விபத்து என்று கம்பெனி கடிதம் கொடுத்தால்தான் ஈஎஸ்ஐ காப்பீட்டில் அவன் அம்மாவுக்குப் பணம் வர வழி பிறக்கும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அக்கா நடையாக நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஐந்து ஐம்பத்திரண்டைப் போட்டது நான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி பஸ்ஸில் வருகிறவன் பையில் பைக்கில் வருகிறவனின் கார்டும் இருக்கும். பஸ் தாமதமானால் கேள்வி கிடையாது. பைக்கில் வருகிறவன் ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் போச்சு. அதனால் பஸ்காரன் இரண்டு கார்டையும் காட்டிவிடுவான். பீப், பீப். பைக்கில் வருகிறவன் சரக்கு வரும் மெட்டீரியல் கேட் வழியாகப் பின்னால் வந்து சேர்ந்துகொள்வான். எல்லாரும் செய்தோம். நான் பஸ், அவன் பைக். அன்று காலை அவன் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. அவன் கார்டு விபத்தில் தொலைந்ததாக எழுதிக்கொண்டார்கள். அது என் பையிலேயே கிடந்தது.

ஆக, பன்னிரண்டுக்குள் நான் சரிசெய்து கொடுக்க வேண்டியது என் பொய்யை.

மனசுதான் தயங்கியது, உட்கார்ந்த பிறகு கை தயங்கவில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலில் நேரடியாக டேட்டாபேஸைத் திறந்தேன். உடனே திறந்தது. பாஸ்வேர்டும் சரி. அப்படியானால் கோளாறு நடுவழியில். நிரலைப் பார்த்தேன். சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தது. லினக்ஸில் அப்படி எழுதினால் பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போகாது. அதே மெஷினுக்குள் சாக்கெட் என்று ஒரு கோப்பைத் தேடிப் போகும். புதுப்பித்ததில் அந்தக் கோப்பு இடம் மாறியிருந்தது. பிஎச்பி, யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பெயரை எடுத்துவிட்டு, நெட்வொர்க் வழியாகப் போகும்படி எண்ணில் முகவரியைக் கொடுத்தேன்.

பிழை மாறியது. இப்போது, அனுமதி இல்லை.

பிழை மாறினால் ஒரு படி ஏறிவிட்டோம் என்று அர்த்தம். அந்த நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சோதித்துப் பார்க்க ஐந்து வரியில் தனியாக ஒரு நிரல் எழுதினேன். அதில் சும்மா தோன்றிய ஒரு கேள்விதான்: உள்ளே வந்து இன்னும் வெளியே போகாதவர்களில் எல்லாருக்கும் முன்னால் வந்தவர் யார்? ஒரே வரி பதில் வரும். வந்தால் இணைப்பு சரி. டெர்மினலில் ஓட்டினேன்.

அவன் பெயர் வந்தது. உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரம் காலி. கார்டு காட்ட மறந்து வீட்டுக்குப் போகிறவர்களின் வரியை எச்.ஆரில் மறுநாளே சரிசெய்துவிடுவார்கள். இவன் வரியை யாரும் தொடவில்லை. நான்கு மாதமாக அவன் கம்பெனிக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

அறைக்கு அடுத்ததுதான் கேட். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பீப்புக்கும் திரும்பிப் பார்த்தேன்.

அதே நிரல் பிரவுசரில் ஓட மறுத்தது. எங்கள் ஐடி பொறுப்பாளர் ஒரு கல்யாணத்துக்காக அரக்கோணம் போயிருந்தார். போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"இன்னாடா, இன்னும் அதையே நோண்டிகினு கீறியா?"

"அண்ணே, டெர்மினல்ல ஓடுது. பிரவுசர்ல அனுமதி இல்லங்கு."

"டெர்மினல்ல ஓட்றது நீ. பிரவுசர்ல ஓட்றது வெப் சர்வர். லினக்ஸுக்குள்ள செலினக்ஸ்னு ஒரு செக்யூரிட்டி கீது. பாஸ்வேர்டு கரெக்டா இருந்தாலும், நீ யாரு, எங்க போறன்னு கேப்பான். நம்ம கேட்டு மாதிரி கார்ட மட்டும் பாத்து வுட மாட்டான்." சிரித்தார். "அத ஆஃப் பண்ணிட்டு சாப்ட போ."

நான் ஆஃப் செய்யவில்லை. வெப் சர்வர் டேட்டாபேஸுக்குப் போகலாம் என்று அந்த ஒரு அனுமதியை மட்டும் கொடுத்தேன். ஒரே கட்டளை. பிரவுசரில் பக்கத்தை மறுபடி திறந்ததும், வெள்ளைத் திரையின் மூலையில் அவன் பெயர்.

அந்த வரியை அழிக்க எனக்கு அரை நிமிடம் ஆகாது. அழித்தால் அவன் வரவே இல்லை என்றாகிவிடும். அக்காவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. கட்டளையை அடித்தும் விட்டேன். என்டர் மட்டும் பாக்கி. ஆனால் அந்த மாதத்துப் பிரிண்டில் அவன் வந்ததாக ஏற்கெனவே ஏறியிருந்தது, அது மேடத்தின் பைலில் இருந்தது. அதைவிட, அவன் வரியில் மறுபடியும் நான் கை வைக்கப் போகிறேன். அடித்ததை அழித்துவிட்டு அந்த நாளின் முழுப் பட்டியலைத் திறந்தேன். அவனுக்கு நேர் மேலே என் பெயர். நடுவில் மூன்று நொடி.

இரண்டு வரியும் தெரியும்படி பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

எச்.ஆர். அறையில் அக்கா மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்தார். மேடம் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா, அஞ்சு அம்பத்திரண்டு. உள்ள வந்திருக்கான். நாங்க என்ன பண்ண முடியும்?"

அக்கா தாளைப் பார்க்கவே இல்லை. "அஞ்சே முக்காலுக்கு எங்க வூட்டு வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணிகினு இருந்தான். ஏழு நிமிசத்துல பறந்தா வந்தான்?"

"மேடம், அதுக்கு மேல் வரியப் பாருங்க" என்றேன். "அது என் கார்டு. மூணு செகண்ட் முந்தி. ரெண்டையும் நான்தான் போட்டேன்."

மேடம் குரலைத் தாழ்த்தினார். "வேலை போயிடும், தெரியுமில்ல? ஒண்ணும் சொல்லாத, போயிடு."

"அவன் பேசட்டும்மா" என்றார் அக்கா.

போனை எடுத்து அந்தக் குரல் பதிவைத் தட்டினேன். முதலில் காற்று, வண்டிச் சத்தம். பிறகு அவன். "மச்சான், கெளம்பிட்டேன்டா. கார்ட போட்டுடு. பின்னாலயே வந்துகினு கீறேன். நான் வர்ற வரைக்கும் லைன்ல அங்கன இங்கனன்னு பேசி மானத்த வாங்காத."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சொன்னார்: "இன்னொரு தரம் போடு."

நான்கு தரம் போட்டேன்.

அந்த வாரமே கடிதம் கொடுத்துவிட்டார்கள். என்னையும் அனுப்பிவிட்டார்கள். கடிதம் வாங்க வந்த அன்று அக்கா கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றுதான் கேட்டார்.

"நீ போட மாட்டேன்னு சொல்லியிருந்தா, அரை நாள் போனா போவுதுன்னு வூட்லயே இருந்திருப்பானா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

கடைசி நாள் செக்யூரிட்டி அண்ணனிடம் என் கார்டைக் கொடுத்தேன். பையிலிருந்து அவனுடையதையும். "இன்னாடா, ரெண்டு கீது?" என்றபடி பழக்க தோஷத்தில் இரண்டையும் வெளியேறும் ரீடர் பக்கம் கொண்டுபோனார்.

"அவன் கார்ட போடாதீங்கண்ணே" என்றேன்.

ஒரு பீப் மட்டும் கேட்டது.

இப்போது தண்டலத்தில் ஒரு சின்ன ஆபீஸில் இதே வேலைதான். புது சர்வரில் இணைப்பைச் சோதிக்கும்போது வேறு ஏதாவது கேள்வி எழுதுகிறேன். உள்ளே வந்து இன்னும் வெளியே போகாதவர் யார் என்ற அந்தக் கேள்வியை மட்டும் எழுதுவதில்லை.