தேனில் குழைத்த மாத்திரை

சாலவாக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் மாசிலாமணியை வரப்பில் எலி பிடிப்பதில் மிஞ்ச ஆளில்லை. தன் வயிற்றுக்குள் வளை தோண்டியதைத்தான் அவரால் பிடிக்க முடியவில்லை. இரைப்பையில் கிருமி, அதனால் புண். உத்திரமேரூர் ஆஸ்பத்திரி மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிட்டும் மறுபரிசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. இரண்டாவது மருந்துக்கும் கேட்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர். அப்படிப் போன மாசிலாமணியின் அண்ணன் உயிரோடு திரும்பவில்லை.

புது மருந்தைக் கொடுக்கும்போது நர்ஸ் சோபியா, போன தடவை எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டார்.

கூட வந்த மனைவி முனியம்மாள் பெருமையோடு முன்னால் வந்தாள். "நான்தாம்மா குடுத்தேன். அத்தினியும் அம்மில நசுக்கி, கொம்புத் தேன்ல கொழைச்சி நக்க வுட்டேன். எங்க வூட்ல எந்த மருந்தும் அப்டித்தான்."

சோபியா தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது வயித்து அமிலத்தை அடக்கற மாத்திரை. அதை நசுக்கினா அமிலமே அதைத் தின்னுடும். அமிலம் அடங்கலைன்னா கிருமியைக் கொல்ற மருந்துக்கு பலம் இல்ல. கிருமி இரைப்பைச் சளிக்கு அடியில பதுங்கிக்கினு கீது. மருந்து உள்பக்கமாவும் போவணும், குடல்ல எறங்கி ரத்தத்தோட சுத்திப் பின்பக்கமாவும் வரணும். முழுசா முழுங்கட்டும்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வாயிலயும் மடக்கணும். நம்ம எலி வளை கணக்குதாம்மா!"

பார்த்துப் பார்த்துச் செய்த கையே கெடுத்துவிட்டதே என்று முனியம்மாளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மியைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினாள். பிறகு அதைத் தொடவே இல்லை. அவர் மாத்திரை விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து முடிந்து, சோபியா சொன்ன நாள்வரை காத்திருந்து, மாசிலாமணி தனியாகவே பரிசோதனைக்குப் போனார். கிருமி இல்லை. இனி கொஞ்சம் காரம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது காய்ந்த மிளகாய் வாங்கி வந்தார். அம்மியை இறக்கிப் போட்டு, மிளகாயை அதன்மேல் கொட்டினார்.

"எலி செத்துப்போச்சி முனிம்மா. அரை."

அவள் குழவியைப் பிடித்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னா?"

"மொளகா நெடி."

"நீ இன்னும் அரைக்கவே இல்லியே" என்றார் மாசிலாமணி.