மதியத்துக்குள் இறங்கிவிடும் என்று வாங்கிய கடன்

வீட்டுக்கடன் வாங்கப் போனபோது வங்கியில் கேட்டது ஒரே ஒரு முக்கியமான கேள்வி. வட்டி கடைசிவரை ஒரே அளவாக இருக்கட்டுமா, இல்லை ஏறி இறங்கலாமா?

ஏறி இறங்குவதைப் பற்றி என்னிடமா கேட்பது? திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருபது வருடமாகக் கமிஷன் கடை வைத்திருப்பவன் நான். காலை ஆறு மணிக்குக் கிலோ ஆயிரம் ரூபாய் என்று மிதப்பாக நிற்கிற மல்லிகை, பதினோரு மணிக்கு நானூறுக்கு யாராவது எடுக்க மாட்டார்களா என்று கெஞ்சும். வாடுகிற பொருள், விலை இறங்கித்தானே ஆகவேண்டும்? வட்டி வாடாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஒரே அளவா இருக்கட்டுங்க. கொஞ்சம் கூடன்னாலும் பரவால்ல."

"நீ செத்த நேரம் சும்மா இரு. ஏறுனா எறங்கும். நான் பாக்காத மார்க்கெட்டா?"

அவளுக்கு இருந்தது ஒரே கணக்கு. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கடன் பதினைந்து வருடம். வத்தலக்குண்டில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். போக வரப் பேருந்தில் நின்றுகொண்டு, வகுப்பிலும் நின்றுகொண்டு, கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு கிடக்கும். அவளுடைய சம்பளம்தான் தவணை. "அம்பத்து மூணுல கடன் முடியும். அன்னைக்கே வேலைய விட்டுட்டு உக்காந்துருவேன்" என்று வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாளிலேயே சொல்லிவிட்டாள்.

வீடு கட்டிக் குடிபோய்க் கொஞ்ச நாளில் வட்டி ஏற ஆரம்பித்தது. ஏறியது, மறுபடியும் ஏறியது. மல்லிகை விலை பார்ப்பதற்கு முன்னால் போனில் வட்டிச் செய்தி பார்க்கிற ஆளாகிவிட்டேன். தராசில் பூவைப் போட்டுவிட்டு எடையைப் பார்க்க மறப்பேன். ஆனால் ஓர் அதிசயம். மாதத் தவணை மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

"என்ன மாப்ள, ஒன் வட்டி எம்புட்டு ஏறுச்சு?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"எனக்கா? அதே தவணைதான். பேங்க்காரன் ஆளப் பாத்துத்தான் ஏத்துவான் போல."

அந்த வரிசைக்கே அன்று டீயும் வடையும் என் செலவு.

ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தவணை அதேதான். மீதி மாதங்கள் என்ற இடத்தில் மட்டும் இருநூற்று இருபத்தைந்து என்று இருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நியாயமாக நூற்று அறுபத்து நான்குதான் இருக்கவேண்டும். விரல்விட்டு எண்ணினேன். ஐந்து வருடம் கூடுதல். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிடும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். கடையில் இருப்புக் கொள்ளவில்லை, வீட்டில் அதைவிட மோசம். மொட்டைமாடிக்குப் போவேன், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பேன், மூடிவிட்டு இறங்குவேன். திரும்பவும் ஏறுவேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து, உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, தொட்டிக்குள்ள என்ன மீனா வளக்குறீங்க? உக்காருங்க."

உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினேன். ஒன்றாம் வகுப்பு நோட்டுத் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தாள்.

"அம்பத்தெட்டா?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் பண்ணித் தப்பித்திருப்பேன். அவள் ஒரு காலை வாளியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னை வங்கிக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையாக விளக்கினார். "பேங்குகளும் ஒண்ணுக்கொண்ணு ஒரு நாள், ரெண்டு நாளைக்குப் பணம் வாங்கிக்கும் சார். ரிசர்வ் வங்கி வட்டிய ஏத்துனா அந்த வட்டியும் ஏறும். எங்களுக்கே பணம் கூடுன வெலைக்குத்தான் கெடைக்கும். உங்க வட்டியும் கூடவே ஏறிடும்."

இது எனக்குப் புரிந்தது. முகூர்த்த நாளில் பூ பற்றாமல் போனால் பக்கத்துக் கடையில் இரண்டு கூடை கைமாற்று வாங்குவோம். அன்றைக்கு என்னை மாப்ள என்று கூப்பிடுகிறவர் சொல்கிற விலை, மாப்பிள்ளைக்குச் சொல்கிற விலையாக இருக்காது.

"எப்ப எறங்கும்?" என்றேன்.

"அது யாருக்கும் தெரியாது சார்."

என் மனைவி குறுக்கிட்டாள். "தவணை ஏறலன்னு இவரு மார்க்கெட்டுக்கே வடை வாங்கிக் குடுத்தாருங்க. அது ஏன் ஏறல?"

"தவணைக்குப் பதிலா மாசம் கூடிருச்சு மேடம். தவணையவே கூட்டிக்கிறீங்களான்னு சாருக்குச் செய்தி அனுப்புனோம். பதில் வரல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செய்தி வந்தது உண்மைதான். மோசடிக்காரன் வேலை என்று அழித்துவிட்டு, அந்த எண்ணையும் தடை செய்து, நான் எவ்வளவு உஷார் என்று மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லவும் செய்திருந்தேன்.

"பழைய மாசத்துக்கே கொண்டுவர எம்புட்டு கூடக் கட்டணும்?" என்று கேட்டாள் அவள்.

"மாசம் ரெண்டாயிரத்தி எழுநூறு கிட்ட வரும்."

"ஒரு வேளைச் சாப்பாட்ட விட்டுர்றேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"முன்னறைய வாடகைக்கு விட்டுருவோம். ஜெராக்ஸ் கடை வைக்கணும்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காருல்ல."

முன்னறை! கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, வாசலில் என் பெயர்ப் பலகை. அந்த வீட்டிலேயே நான் ஆசைப்பட்டுக் கட்டிய ஒரே அறை.

"ஏம்மா, அது என் ஆபீசு."

"அந்த ஆபீசுல என்ன வேல பாக்குறீங்க?"

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியைச் சுற்றுவேன். அதிகாரி கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டேன். புதுத் தாள் அச்சாகி வந்தது. மீதி மாதம் என்ற இடத்தில் நூற்று அறுபத்து நான்கு. வட்டி இன்னும் ஏறினால்? மறுபடி வரவேண்டியதுதான் என்றார் அதிகாரி. என் மனைவி அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'சரி' போட்டாள்.

"மேடம், இதுல எதுவும் எழுதக்கூடாது. வேற பிரின்ட் எடுக்கணும்."

"எடுத்துக்கங்க. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதிய வகுப்புக்காக அவள் வத்தலக்குண்டுப் பேருந்தில் ஏறினாள். அதிலும் உட்கார இடமில்லை. நான் ஜெராக்ஸ்காரரைத் தேடிப் போனேன்.