எல்லா சர்வரும் ஒரே வூடு

எனக்கு முன்கோபம். மனிதர்கள் மேல் வருவதைக் காட்டிலும் மெஷின்கள் மேல்தான் அதிகம் வரும். புதிதாக ஒரு சர்வருக்குள் நுழைந்து, பழக்கதோஷத்தில் கை எதையோ தட்டி, அப்படி ஒரு கமாண்டே கிடையாது என்று அது பதில் சொன்னால் போதும், கீபோர்டில் ஒரு போடு போடுவேன். சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

"என்னாடி, இன்னிக்கும் புது வூடா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்பாள்.

அம்மா சர்வரை வீடு என்றுதான் சொல்லுவாள். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் வேலை. அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு பழுதாகிவிட்டது, இனி போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன வருஷம், மேனேஜரிடம் மல்லுக்கட்டி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நெய்வேலிக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். குவார்ட்டர்ஸின் முன் அறையில் ஜன்னலோரமாக டேபிளைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். சர்வர்கள் மும்பையில் சில, சிங்கப்பூரில் சில என்றார்கள். எங்கே இருந்தால் என்ன, எனக்கு எல்லாமே ஒரு கறுப்புத் திரையும் அதில் வெள்ளை எழுத்தும்தான்.

ஒவ்வொரு சர்வரையும் ஒவ்வொரு புண்ணியவான் அமைத்திருப்பான். ஒன்றில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த கமாண்ட் திரும்ப வரும், இன்னொன்றில் கிறுக்கல் வரும். ஒன்றில் சுருக்கமாக இரண்டெழுத்து அடித்தால் பைல்களின் பட்டியல் வரும், இன்னொன்றில் முழுசாக அடித்துத் தொலைக்க வேண்டும். ஒருநாள் தாங்க முடியாமல், "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குதும்மா" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படி ஆனா என்னாடி பண்ணுவ?" என்றாள்.

சொன்னேன். என் வசதிக்கு நானே நாலைந்து சின்னச் சின்ன பைல்கள் எழுதி ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். நீளமான கமாண்டுகளுக்கு நான் வைத்த செல்லப் பெயர்கள், எடிட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எழுத்து என்ன நிறத்தில் தெரிய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எந்த சர்வருக்குப் போனாலும் முதல் வேலையாக அவற்றை இறக்கிவிடுவேன். அப்புறம் அது யார் அமைத்த சர்வராக இருந்தாலும் என் கைக்குப் பழகியதாகிவிடும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். சில பழைய கிழட்டு சர்வர்களுக்கு மட்டும் பாதி புரியாது. அவற்றுக்குத் தனியாக, "உனக்குத் தெரிந்தால் செய், தெரியாவிட்டால் சும்மா இரு" என்று எழுதி வைத்திருப்பேன்.

"அட இவ்ளோதானா? நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி பண்ணி வச்சிக்கிற" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமான வார்த்தை. எங்கள் டவுன்ஷிப்பில் ஒரே டைப் குவார்ட்டர்ஸ் என்றால் எந்த பிளாக்கில் இருந்தாலும் அச்சு அசல் ஒன்றுதான். கதவைத் திறந்ததும் சுவிட்ச் வலது பக்கம், சமையலறை இடது பக்கம், கொல்லைக் கதவு நேர் எதிரே. யார் வீட்டுக்கு விளையாடப் போனாலும் தண்ணீர் எங்கே இருக்கும் என்று கேட்டதே இல்லை. அப்பா ஒருமுறை நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் அடுத்த வரிசைக்குப் போய், திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "வெந்நீர் போட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மா, "போடறேங்க, அதுக்குள்ள உங்க வூட்ல தேடப் போறாங்க" என்றாளாம். டவுன்ஷிப்பில் இது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. ஆனாலும் அப்பாவைப் பல வருஷம் ஓட்டித் தள்ளினார்கள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு என் வேலை பிடிபட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு கூத்து பண்ணினேன். எந்த சர்வருக்குள் நுழைந்தாலும் முதல் வரியாக, ஆங்கில எழுத்தில், 'சாப்டியா' என்று கேட்கும்படி எழுதி வைத்தேன். அம்மா என்னைக் கேட்கிற கேள்வி. சென்னையிலிருந்து கூட வேலை பார்க்கிறவர் போன் பண்ணிக் குதித்தார். "மேடம், அது நானும் நுழையற சர்வர். சாப்டியான்னு கேக்குது! கஸ்டமர் பாத்தா என்ன ஆகும்?" கஸ்டமரும் சாப்பிடுவார்தானே என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றில் மட்டும் எடுத்துவிட்டேன். மற்ற எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

இதற்குள் அம்மாவின் பார்வை நன்றாகவே குறைந்துவிட்டது. முதலில் ஓரம் போனது, பிறகு நடுவிலும் நிழலாட்டம் மட்டும் மிஞ்சியது. ஆனால் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். குவார்ட்டர்ஸுக்குள் அவள் நடை அப்படி. அடுப்பு பற்றவைப்பாள், பருப்பு வேகவைப்பாள், கொல்லையில் துணி காயப்போடுவாள், மதில் ஓரம் நின்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவோடு ஊர்வம்பு பேசுவாள். தூத்துக்குடிப் பக்கத்து அக்கா அது. இரண்டு பேரும் பேசுகிற தமிழே வேறு வேறு, ஆனாலும் ஓயாது.

அப்பாவின் ரிட்டையர்மென்ட் நெருங்கியது. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட வேண்டும். வடலூரில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு எழும்ப ஆரம்பித்தது. அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், திடீரென்று என் பக்கம் திரும்பி, "அங்க போனா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. தண்ணி குடிக்கணும்னாலும் உன்னக் கூப்புடணும். என்ன ஒரு மூலையில உக்கார வச்சிடுவீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். அம்மாவை மூலையில் உட்காரவைத்துவிட்டு நான் எந்த சர்வரைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்?

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். புது வீட்டையும் இதே மாதிரி கட்ட வேண்டும், சுவிட்சிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் அப்படியே.

அப்பா கொதித்துவிட்டார். "வாழ்நாள் பூரா கம்பெனிக்காரன் போட்ட பிளான்ல இருந்தாச்சு. சொந்தமா கட்டறதும் அதேவா? பெரிய ஹால் வேணும், உள்ள வந்தா நாலு பேரு உக்கார எடம் வேணும்னு நான் ஆசப்படக் கூடாதா?" நானும் விடவில்லை. இரண்டு பேரும் கத்தியதில் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அவள் போன வழியையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைத் தொடாமல், தடுமாறாமல், வாசற்படியில் காலைத் தூக்கி வைத்துப் போனாள். மறுநாள் அப்பாவே மேஸ்திரியைக் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிக்கொண்டு வந்து டேப்பைக் கையில் கொடுத்தார். அந்த மேஸ்திரி, "சார், ஊர்ல எல்லாரும் குவார்ட்டர்ஸ விட்டுப் போனா பங்களா மாதிரி கேப்பாங்க, நீங்க என்னா குவார்ட்டர்ஸையே கேக்கறீங்க?" என்று தலையைச் சொறிந்தார்.

குடிபோன நாளில் வேறு எதையும் பிரிக்கவிடாமல் சமையலறையைத்தான் முதலில் அடுக்கினேன். எந்த டப்பா எந்தத் தட்டில் இருந்ததோ அதே இடம், அதே வரிசை. அம்மாவின் கையை விட்டேன். அவள் உள்ளே போனாள். சுவிட்சைப் போட்டாள். அடுப்பு இருக்கும் இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். டீத்தூள் டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அடியே, வூட்டையே பேத்துக்கினு வந்துட்டியேடி" என்று என் தலையைத் தடவினாள். அப்பா ஹாலே இல்லாத அந்த வீட்டின் முன் அறையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம், சோதனைக்கு மட்டும் வைத்திருக்கும் டெஸ்ட் சர்வரில் இருக்கும் பழைய டேட்டா முழுவதையும் அழிக்க வேண்டிய வேலை. கமாண்டை அடித்து எண்டர் மேல் விரலையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் மேலே ஓடிக்கொண்டிருந்த வரிகள் கண்ணில் பட்டன. வரிசையாக யார் யாரோ உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். டெஸ்ட் சர்வருக்கு இத்தனை பேர் எப்படி வருவார்கள்? அடித்ததை அழித்துவிட்டு, அந்த சர்வரின் பேரைக் கேட்டுப் பார்த்தேன். லைவ் சர்வர். ஜனங்கள் புழங்கிக்கொண்டிருக்கும் நிஜ சர்வர். அதே நிறம், அதே செல்லப் பெயர்கள், அதே சாப்டியா. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பண்ணி வைத்த மகராசி நான், எங்கே நிற்கிறேன் என்பதையே மறந்திருக்கிறேன். உடனே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்த சர்வரின் பேர் தெரிகிற மாதிரி மாற்றினேன். லைவ் என்றால் சிவப்பு எழுத்து. மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கலாம், அது ஒன்று மட்டும் கூடாது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த அம்மா, நேராகக் கொல்லைக் கதவைத் திறந்து போய், மதில் மேல் கையை வைத்துக்கொண்டு, "எக்கா, எக்கோவ், வத்தல எடுத்துட்டியா? மழ வர்ற மாதிரி இருக்குது" என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனை. முள்செடிதான் கிடந்தது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "ம்மா, நாம வடலூர்ல இருக்கோம்மா" என்றேன்.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. குவார்ட்டர்ஸில் கேட்காத அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. அப்படியே என் மேல் சாய்ந்து அழுதாள். "எல்லாத்தையும் கொணாந்த. அவளக் கொணார முடியலையேடி."

நானும் அழுதேன். அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. கொல்லைக் கதவுக்குக் கீழே சொரசொரப்பான மிதியடி ஒன்று போடுகிறேன், காலில் பட்டதும் இது வடலூர் என்று தெரிந்துவிடும் என்றேன். என் புத்தி அப்படித்தானே போகும். "அது பட்டா மட்டும் பேசறதுக்கு ஆள் வந்துடுமா? போடி" என்றாள். அதற்கப்புறம் சில நாள் சமையலறைக்கே வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று நானே கேட்டுக் கொடுத்தேன். எதற்குப் பயந்து இவ்வளவும் பண்ணினேனோ அதுவே என் கண்முன்னால் நடந்தது.

அப்போது பார்த்து ஆபீஸில் கூப்பிட்டார்கள். போகவே மனமில்லை. அப்பாவிடம் ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு சென்னைக்குப் போனேன். போனில் கேட்டால் இருவரும் "நல்லா இருக்கோம்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை.

திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். நான் பையை வைத்து முகம் கழுவி வருவதற்குள், அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "எதிர் வூட்டு டீச்சரம்மா வரச் சொல்லி இருக்குது. போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"இரும்மா, நானும் வரேன்" என்று எழுந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். "தெனம் காலைல என்னக் கூட்டிகினு தெருவுல குறுக்கயும் நெடுக்கயும் நடந்தாம்மா. அப்புறம் ஒரு நாள், கைய வுடுங்கன்னுட்டா."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். செருப்புச் சத்தம் படி இறங்கியது. தெருவில் கொஞ்சம் நின்றது. மறுபடி நடந்தது. எதிர் வீட்டு இரும்பு கேட் கிறீச்சிட்டது. "வாங்கம்மா, வாங்க" என்று ஒரு குரல். பிறகு அம்மாவின் சிரிப்பு. எதிர் வீட்டை நான் அளந்ததில்லை. அங்கே சுவிட்ச் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

நான் "டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனேன். பார்க்காமலே கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தேன். மல்லித்தூள். பக்கத்து டப்பாவில் ரவை. ஒன்றுகூட நான் வைத்த இடத்தில் இல்லை.

"எல்லாத்தையும் கீழ எறக்கிட்டு அவளா அடுக்கினா. அது அந்த வூட்டு அடுக்காம், இது இவ வூட்டு அடுக்காம்" என்றார் அப்பா, பின்னால் வந்து நின்று.

டீத்தூள் கிடைத்தது. சர்க்கரை கிடைக்கவில்லை. இரண்டு பேரும் மேல் தட்டு, கீழ் தட்டு என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினோம். கண் நன்றாகத் தெரிகிற இரண்டு பேர். கடைசியில் அப்பா அடுப்பை அணைத்துவிட்டு, "வுடு, அவளே வரட்டும்" என்றார்.

அம்மா வருகிற வரைக்கும் இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.