கோளாறே காட்டாத கார்

மூன்றாவது முறையாக அந்த மெக்கானிக் ஸ்கேனர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். ஒரு தப்பும் இல்ல. சுத்தமா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக அழுத ஆள் அருப்புக்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கார் நன்றாக இல்லை. அது பழைய ஆட்டோமேட்டிக் கார், மூன்றாவது கையாக எங்களிடம் வந்தது. கிளட்ச் மிதி கிடையாது. கியர் மாற்றுகிற வேலையை உள்ளே இருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வெயிலில் கொஞ்ச நேரம் ஓடியதும் இரண்டாவது கியரில் காரே குலுங்குகிறமாதிரி ஒரு வெட்டு வெட்டும். சில நாள் கியரே விழாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தும், கார் தன்பாட்டில் உருண்டு நிற்கும். பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்துவிடுவார்.

என் பள்ளிக்கூடம் திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது, மகளையும் அங்கேதான் கூட்டிப்போவேன். காலையில் அந்த ஊருக்கு ஒரே ஒரு பஸ், அதுவும் விடிந்தும் விடியாமல் கிளம்பிவிடும். வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனபோது மாமனார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "காரு இருக்கிற வரைக்கும் பிள்ள ஒங்கூட இருக்கட்டும் தாயி. நாலு வயசுப் பிள்ளைய அந்தப் பஸ்ஸுல தூக்கிட்டு அலைய வேணாம். ஏலலைன்னா மல்லாங்கிணத்துல எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுரு." அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பயமாக இருந்தது. கார் நின்றால் மகள் வார நாளெல்லாம் என்னிடம் இருக்க மாட்டாள்.

அதனால் கார் வழியில் நிற்கிறது என்பதை வீட்டுக்காரரையும் மெக்கானிக்கையும் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வீடியோ காலில் எனக்கு ஒரு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். பேட்டரியின் டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். உண்மையாகவே இரண்டு நாள் நன்றாக ஓடும். டிரைவர் பக்கக் கதவில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடுவதுபோல அதையும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

மெக்கானிக்கிடம் போகிற அன்றைக்குக் கட்டாயம் செய்வேன். வழியில் நின்று மானத்தை வாங்கக்கூடாது அல்லவா.

அந்த மூன்றாவது தடவை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மெக்கானிக்குக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "மனசுல பயத்த வச்சு ஓட்டுனா இப்பிடித்தான் டீச்சர் தோணும்," என்றார். நாலு பிள்ளைகளுக்கு முன்னால் கையில் பிரம்பில்லாமல் நிற்கிறமாதிரி இருந்தது. என் பயத்தால் கார் வெட்டுமா? வெட்டுமோ என்று ஒரு நிமிடம் நானே யோசித்தேன், அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. பிறகு ரோஷம் வந்து, "பயமெல்லாம் இல்லண்ணே. இன்னைக்குக் காலையிலகூட டெர்மினலக் கழட்டி மாட்டிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றேன்.

அவர் ஸ்கேனரைக் கீழே வைத்தார். "என்னது?"

"டெர்மினல. ஒவ்வொரு தடவையும் இங்க வர்றதுக்கு முன்னாடி…"

"ஒவ்வொரு தடவையுமா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "டீச்சர், வண்டி நின்னா ஏன் நின்னுச்சுன்னு அது உள்ள எழுதி வைக்கும். அதப் படிக்கத்தான் இந்த மிசினு. இந்தப் பழைய வண்டில கரண்டக் கழட்டுனா எழுதினதெல்லாம் அழிஞ்சு போகும். நீங்க பரீட்சப் பேப்பர அழிச்சு வெள்ளையாக் கொண்டாந்து குடுத்துட்டு மார்க்குப் போடச் சொல்றீக."

மூன்று மாதம். மூன்று தடவை லீவு போட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அத்தனை அக்கறையாகக் கோளாற்றைத் துடைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். முதல் நாளே அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானும் சொல்லியிருக்கலாம். வீட்டில் வைத்தியம் பார்த்தேன் என்றால் திட்டுவாரோ என்று சொல்லவில்லை.

"இனிமே ஸ்பேனரத் தொடாதீக. நிக்கட்டும். நின்னா அப்படியே போட்டுட்டு எனக்குப் போனடிங்க."

சொல்வது அவருக்கு எளிது. பின் சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கார் எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டு ஓட்ட வேண்டியது நான். நின்றால்தான் சரி செய்யலாம். ஆனால் நிற்கக்கூடாது. ஒரு வாரம் வேண்டுதலையே எந்தப் பக்கமாக வைப்பது என்று தெரியாமல் ஓட்டினேன். பாழாய்ப்போன கார் அந்த ஒரு வாரமும் வெண்ணெய்மாதிரி ஓடியது.

எட்டாவது நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, திருச்சுழி தாண்டி, இரண்டு பக்கமும் வேலிக்கருவை முள்ளைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் கியர் எண் மறைந்து ஒரு கோடு மட்டும் மின்னியது. ஏசியை அணைத்தேன். மகள், "அம்மா, காரு தூங்கிருச்சா?" என்றாள். கண்ணாடிகளை இறக்கியதும் அனல் உள்ளே வந்தது.

வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"கழட்டி மாட்டு. பத்து நிமிசந்தான, வீட்டுக்குப் போயிரலாம்."

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"அவரு வந்து வெயில்ல நிக்கிறாரா? பிள்ள இருக்குல்ல. மொதல்ல வீட்டுக்குப் போ. கோளாற நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு கோளாறு இருக்காதுங்க. அதான் பிரச்சனையே!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. மகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கழுத்தெல்லாம் வேர்வை. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். இறங்கி பானட்டைக்கூடத் திறந்துவிட்டேன். பிள்ளையை வெயிலில் வாட்டிக்கொண்டு நான் எதை நிரூபிக்கிறேன் என்று தோன்றியது. இன்றைக்கு அழித்துவிட்டால் இதே வெயிலில் இவளோடு இன்னும் எத்தனை தடவை நிற்பேன் என்றும் தோன்றியது. பானட்டை மூடினேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காரின் நிழல் விழுந்த பக்கமாகப் போய் நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

அவர் ஒரு குட்டியானை லோடு வண்டியை அனுப்பினார். கயிற்றைக் கட்டி, கூட வந்த பட்டறைப் பையன் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஊருக்குள் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளையும் நானும் குட்டியானையில் டிரைவருக்குப் பக்கத்தில். பார்க்கக்கூடாத ஆள் யாரோ பார்த்துப் போனில் சொல்லிவிட்டார். நாங்கள் பட்டறையில் இருக்கும்போதே மாமனார் பைக்கில் வந்து இறங்கினார்.

அதே நேரம் மெக்கானிக் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். "சிக்கிருச்சு டீச்சர்! கியர் சென்சாரு. சூடேறுனா சிக்னல் கட்டாகுது. உள்ள இருக்கிற சாப்ட்வேரும் ரொம்பப் பழசு. ரெண்டையும் மாத்திருவோம்."

மூன்று மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல். அதை மாமனாரும் கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளா கோளாறு வண்டியிலதான் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருக்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னது உண்மை. மகளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். அவளுக்குப் பைக் பிடிக்கும், எனக்குக் கை காட்டிக்கொண்டே போனாள். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சென்சார் மதுரையிலிருந்து வர நாலு நாள் ஆனது. நான் விடிகாலை பஸ்ஸில் போய் வந்தேன். சனிக்கிழமை மெக்கானிக் லேப்டாப்பை மாட்டி, பாதியில் பேட்டரி இறங்கிவிடாமல் இன்னொரு பேட்டரியையும் சேர்த்துக் கட்டி, புது சாப்ட்வேரை ஏற்றினார். ஏறி முடிக்கும்வரை கதவைக்கூடத் தொடக்கூடாது என்றார். நான் இரண்டடி தள்ளி நின்று, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அப்புறம் உள்ளே டக், டக் என்று கியர் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேடும் சத்தம் கேட்டது.

"இனி அது புதுசாப் பழகணும். நீங்களே ஓட்டுங்க, நீங்க மிதிக்கிற கணக்குத்தான் அதுக்குப் படியணும்."

பந்தல்குடி ரோட்டில் அவர் பக்கத்தில் உட்கார, ஒவ்வொரு கியருக்கும் ஏறி இறங்கி ஓட்டினேன். லாரிகள் திட்டிக்கொண்டே தாண்டின. வெட்டு இல்லை. அவரை இறக்கிவிட்டுவிட்டு நேரே மல்லாங்கிணறுக்குப் போனேன்.

மாமனார் காரைச் சுற்றி வந்து பார்த்தார், டயரில் ஏதோ தெரியும் என்பதுபோல. "நானும் வாரேன். வழியில ஒருதரம் நின்னுச்சுன்னாலும் பிள்ளையும் நானும் பஸ்ஸப் புடிச்சு இங்கயே வந்துருவோம். சரிதான?"

"சரி மாமா."

முன் சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இப்ப எத்தனையில போகுது?"

"மூணுல மாமா."

"இந்நேரம் நாலுக்கு மாறணுமே?"

"மாறும் மாமா."

"அது என்ன, ரெண்டுக்கு வந்துருச்சு?"

"முன்னாடி ஆடு போகுது, பிரேக் போட்டிருக்கேன்."

பின்னால் மகள் கைகொட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருந்ததால் காலை அழுத்தி மிதிக்கிறேனோ, கார் தப்பாகப் பழகிவிடுமோ என்று பயம் வேறு.

கார் நிற்கவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓரமாக நிறுத்தச் சொல்லி அவர் மட்டும் இறங்கினார். "ஸ்கூலுக்குப் போனதும் ஒரு போன் போடு. வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு," என்றார். சரியாகப் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மல்லாங்கிணறு பஸ் எங்கே நிற்கும் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டே நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு போன். எடுத்ததும் பிள்ளை சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்பதில்லை. "நின்னுச்சா?" என்பார். "நிக்கல மாமா," என்பேன். "சரி, நாளைக்குக் கூப்பிடு," என்று வைத்துவிடுவார்.