இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல

மாட்டுங்காவில் இருக்கும் என் அத்திம்பேர் சுப்ரமணியனை எல்லாரும் நல்லவர் என்பார்கள். நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. முப்பத்தாறு வருஷம் ஒரு கப்பல் கம்பெனியின் கோப்புப் பிரிவில் இருந்தவர். அசலில் ஒரு திருத்தம் செய்தால் நகலிலும் அன்றைக்கே செய்துவிட வேண்டும், இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதை முடிக்காமல் அவர் ஒரு நாளும் ஆபீஸை விட்டுக் கிளம்பி லோக்கல் டிரெயின் பிடித்ததில்லை.

ரிடையர் ஆனதும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டரை உள்ளேயிருந்து நடத்தும் கெர்னலை, வந்தபடியே வைத்துக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். தன் கையாலேயே கட்டுவார். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று அது கேட்கும் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று தட்டிக்கொண்டு காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் அக்கா அம்மிணியின் குரல் இருந்தது. அக்கா மேடை ஏறியதில்லை. நவராத்திரிக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகும் வீட்டு ஹாலில் பாடுவாள், அவ்வளவுதான். பதினெட்டு வருஷப் பாட்டை அத்திம்பேர் பதிவு செய்து ஒரு டிஸ்க்கிலும், நகலை இன்னொன்றிலும் வைத்திருந்தார். போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தாள், குரல் போயிற்று. இப்போது சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறாள். தினமும் மத்தியானம் தூங்கி எழுந்ததும் தன் பாட்டில் ஒன்றைப் போடச் சொல்வாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நேரத்தைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

டிஸ்க்கில் இடம் குறைந்துகொண்டே வந்தது. கெர்னலில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. கோப்புகளைத் தானாகவே சுருக்கி வைக்குமாம். 'சோதனை நிலையில் உள்ளது, சந்தேகமிருந்தால் இல்லை என்று சொல்லவும்' என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். அத்திம்பேருக்கு எதில் சந்தேகம் வந்திருக்கிறது? ஆம் என்று தட்டிப் பாட்டையெல்லாம் சுருக்கினார். ஒன்றைப் போட்டுப் பார்த்தார், நன்றாகவே கேட்டது. அசலில் செய்தபின் நகல் மட்டும் பழையபடி கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கே இரண்டாவது டிஸ்க்கிலும் அதையே செய்தார்.

மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பாட்டும் திறக்கவில்லை.

தாராவியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மன்சூர் அலியிடம் டிஸ்க்குகளைக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். நானும் செம்பூரில் என் வீட்டிலிருந்து போனேன்.

"பாட்டு பேரெல்லாம் அப்படியே இருக்கு சார். உள்ளதான் பூராவும் குப்பையாப் போச்சு, பாத்துக்கிடுங்க. ஒரு டிஸ்க்கையாவது தொடாம வச்சிருக்கப்பிடாதா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அதுலதான் சோதனைன்னு எழுதியிருந்துதே! அக்கா குரலை வெச்சா சோதனை பண்ணுவேள்?" என்று கடையிலேயே கத்திவிட்டேன்.

"வேற யாருகிட்டயாவது காப்பி இருக்கா சார்?" என்றார் மன்சூர் அலி.

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அக்காவின் பாட்டை அவர் பென் டிரைவில் போட்டு என்னிடம் நீட்டுவார். "உங்காத்துல பத்திரமா இருக்கே அத்திம்பேர், அப்புறம் வாங்கிக்கறேன்" என்று டிரெயினுக்கு ஓடியவள் நான்தான். அதை அவர் அங்கே சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவின் முன்னால் நின்றோம். "எல்லாம் போயிடுத்து, அம்மிணி. நான்தான் கெடுத்தேன்" என்றார் அத்திம்பேர். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா சிலேட்டை எடுத்து எழுதி எங்கள் பக்கம் திருப்பினாள்.

'கொலு முதல் நாள் பாட்டை நீங்க ரெண்டு பேரும் பாடுங்கோ.'

பதினெட்டு வருஷம் கேட்ட பாட்டு. அத்திம்பேர் கட்டைக் குரலில் ஆரம்பித்தார், நானும் சேர்ந்துகொண்டேன். முதல் வரியைப் பாடினோம். மறுபடியும் அதையே பாடினோம். அடுத்த வரி இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அக்கா பாடியபோதெல்லாம் பதிவாகிறதா என்று அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். அடுத்த வரிக்காக அவள் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.