மூட்டம் வரைக்கும்

கரிமூட்டப் புகை மூக்கில் ஏறினால் என் நாத்தனாரின் முகம் வந்து நிற்கும். பாசத்தில் அல்ல. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பை விட்டுவிட்டால் அது வெளியே தெரியாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். திருச்சுழிச் சாலையில் காலையில் ஓடுகிறவர்கள் அந்தப் புகையைத் தலைமயிரில் சுமந்துகொண்டுதான் வீடு திரும்ப முடியும். நான் படியேறியதும் நாத்தனார் கிட்டே வந்து என் தலையை மோந்து பார்ப்பாள். "மூட்டம் வரைக்கும் போயிட்டு வந்துருக்காக மகாராணி" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லி, அழுகிற பிள்ளையை என் வேர்வை மேலேயே திணிப்பாள். என் கணவருக்கு மூத்தவள், கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். வீட்டில் 'அவுக' என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தில் எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கல்லூரியில் நான் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தபோது மாடிப்படி ஏறினாலே இரைத்தது. யார் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலிபோல என் உடம்பு எனக்கே அந்நியமாகக் கிடந்தது. ஒரு தை மாத விடியலில் கணவருடைய பழைய டிராக் பேண்டைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். சாலையோரக் கருவைப் புதருக்குள் காலைக்கடனுக்கு ஒதுங்கியிருந்த பெண்கள் என் காலடி கேட்டுச் சடசடவென்று எழுந்து நின்றார்கள். ஆண்கள் யாராவது வந்தால் எழுந்து நிற்பதும், கடந்தபிறகு மறுபடி உட்காருவதும் அங்கே வழக்கம். "போலீஸ் செலக்சனுக்கு ஓடுற பயலுகளுக்கு வேற ரோடே கெடைக்கலையாக்கும்?" என்றாள் ஒருத்தி. நான் நெருங்கியதும், "அட, பொம்பளப் புள்ளடி! உக்காருங்க, உக்காருங்க" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

மூன்றாம் நாள் மூட்டத்தைத் தாண்டும்போது, என்னைக் கேட்காமலே சிறுநீர் கசிந்தது. நின்றேன், நின்றது. ஓடினேன், மறுபடி. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இது என்ன துணி?" என்றாள். மூன்று பெற்றவளாயிற்றே, புரியும் என்று நம்பி உண்மையைச் சொன்னேன். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள். மறுநாள் குழாயடி முழுக்கத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த காலை என் காலடிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. கருவைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "ஏத்தா, எதுக்கு இம்புட்டுச் செரமம்? ஓடுறதுக்கு முன்னாடி எங்களோட ஒரு எட்டு உக்காந்துட்டுப் போ!"

வெடித்த சிரிப்பில் என் கால்கள் பின்னிக்கொண்டன. திரும்பி நடந்தேன். ஒரு மாதம் ஷூவைத் தொடவில்லை. நாள் முழுக்க ஒருத்திக்குத் தம்பி பெண்டாட்டியாக, ஒருவருக்கு மனைவியாக, இருவருக்கு அம்மாவாக இருந்துவிட்டு, ஓடுகிற அந்த முக்கால் மணி நேரம்தான் நான் நானாக இருந்தேன். அதைத்தான் அவள் குழாயடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். அந்த ஒரு மாதம் அவள் தொட்ட தட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னவனுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோன இடத்தில், அங்கிருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். சொன்னதும் சிரிக்கவில்லை. "ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ள இறுக்கிப் பிடிங்கக்கா. பத்து எண்ணுங்க. விட்டுருங்க. திரும்ப இறுக்குங்க. அடுப்படில நிக்கும்போது செய்ங்க, பஸ்ஸுல நிக்கும்போது செய்ங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. அரிசி களையும்போது செய்தேன், பால் காயும்போது செய்தேன். எல்லாவற்றையும்விட, நாத்தனார் என்னைத் திட்டும்போது செய்தேன். அவள் வாய் ஓயாத வாய். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்று, உள்ளே இறுக்கி, பத்து எண்ணி, விடுவேன். அந்த வசவுகளால் எனக்கு நடந்த ஒரே நன்மை அதுதான். சித்திரை வெயில் ஏறுவதற்குள் மூட்டத்தைத் தாண்டி, அதற்கடுத்த ஊரின் கண்மாய்க்கரை வரை ஓடித் திரும்பினேன், ஒரு சொட்டு கசியாமல். அன்றைக்கு என் தலையை மோந்து பார்த்தவள், என் துணியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு வருடம் கழித்து, மல்லாங்கிணற்றிலிருக்கும் தன் மகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததால், பேரனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் அங்கேயே போய்விடுவதென்று முடிவாயிற்று. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் இருமினாள். இருமும்போது தொடைகள் இரண்டையும் சேர்த்து நெருக்கிக்கொண்டு, தூணில் கையை ஊன்றி நின்றாள். இத்தனை வருடம் ஒரே வீட்டிலிருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"ஒனக்கு இப்ப அது போறதில்லையாக்கும்?" என்றாள், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல மதினி."

"எனக்குக் கடைசிப் பிள்ள பெத்ததுலருந்து இருக்கு. இருமுனாப் போயிருது, தும்முனாப் போயிருது. ஒரு கல்யாண வீட்டுல நிம்மதியா உக்காந்து எந்திரிச்சதில்ல. செத்தவருக்கே தெரியாது." பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீ என்ன புள்ள செஞ்ச?"

இப்போதும் வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். அவள் மல்லாங்கிணற்றிலேயே கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. அன்றைக்கு அவள் கேட்டபோது பஸ் வந்து நின்றுவிட்டிருந்தது; ஓட்டுநர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளம்ப நேரமிருந்தது. நர்ஸ் எனக்குச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே கருவைக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பும் வந்தது. பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பஸ்ஸு வந்துருச்சு மதினி. ஏறுங்க."